கயிற்றை விட்டவரும் விடாத பத்துப் பேரும்

எங்கள் வாவித் துறைக்குப் புது எஞ்சின் இரண்டு வந்திருக்கிறதாம். பழையதைப் போல இரண்டு மடங்கு தள்ளுமாம். எனக்குப் பிறகு அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் போனில் கோல் எடுத்துச் சொன்னார்கள். சந்தோஷம் என்றேன். அடுத்த கிழமை திரும்பவும் எடுத்தார்கள்.

"அண்ணன், நல்லா வெளிக்கிடுது. ஆனா நிக்குதில்ல."

வாங்கினவர்களிடம் கேளுங்கள் என்றேன். அவர்கள் தள்ளுவதற்குத்தான் எஞ்சின் கேட்டார்கள். நிறுத்துவதற்கும் ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது எனக்குப் புதினம் இல்லை.

அதற்குப் பிறகு தொழிற்சங்கத்தார் வந்து, ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதித் தாருங்கள், இளம் ஆட்களுக்கு உதவும் என்றார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதுவதை விடக் கயிறு திரிப்பது எனக்கு லேசு. கேட்டதற்காக எழுதுகிறேன். நீளம் என்றால் வெட்டுங்கள். வெட்டுகிறபோது என் பெயரை வெட்டினாலும் பரவாயில்லை.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு இல்லை. வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். இரும்பு மிதவைகளின் மேல் பலகைத் தட்டு, பின்னால் எஞ்சின், முன்னால் இறக்குகிற கதவு. எழுவான்கரை என்கிற கிழக்குக் கரையில் சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிப் படுவான்கரை என்கிற மேற்குக் கரையில் இறக்கும். திரும்ப ஏற்றும். என் உத்தியோகம் முழுவதும் இதுதான். நாடு பார்த்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டு கரை பார்த்தேன்.

வேலை பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் மிதவைக்குள் புகுந்த தண்ணீரை இறைத்தேன். இரண்டாம் வருடமும் இறைத்தேன். பிறகு எஞ்சினைத் தந்தார்கள்.

எஞ்சின் பிடித்தபிறகு ஒன்றைக் கவனித்தேன். காலையில் டீச்சர்மாரும் கந்தோரில் எழுத்து வேலை செய்கிற ஆட்களும் ஏறுவார்கள். பாரம் இல்லை. கைப்பிடியைத் திருகினதும் பாதை சட்டென்று கிளம்பும். பின்னேரம் நெல்மூட்டை ஏற்றின உழவு மெசின், ட்ரக்டர்தான், ஏறும். அதே எஞ்சின், அதே திருகல். பாதை நின்று யோசிக்கும். யோசித்து, கொஞ்சம் அசையும். நடு வாவிக்கு வந்தபிறகுதான் காலையில் துறையடியில் கிடைத்த வேகம் கிடைக்கும்.

இது எல்லோருக்கும் தெரியும். பாரம் ஏற்றினால் கிளம்பாது. தெரியாதது மற்றப் பாதி. கிளம்ப மாட்டேன் என்கிறது நிற்கவும் மாட்டேன் என்னும். அந்தப் பாதியை யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. "மெதுவாத்தானே வாறாய், பிறகென்ன?" என்பார்கள். மெதுவாகத்தான் வரும். மெதுவாக வந்து கரையை உடைக்கும்.

எங்கள் சனத்துக்குப் பாதையை நிறுத்த ஒரு முறை உண்டு. கரை கிட்டினதும் மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரும் தங்கள் தங்கள் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பார்கள். உழவு மெசின்காரர் பிரேக்கில் ஏறி நிற்பார். சைக்கிள்காரரும் பிடிப்பார். தங்கள் வண்டி உருளாமல் இருக்க என்றால் சரி. ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரியும். பாதையையே அவர்தான் நிறுத்துகிறார். கரையில் முட்டி நின்றதும், நான் இல்லாவிட்டால் இண்டைக்கு என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்தில் நிற்பவரை ஒரு பார்வை பார்ப்பார். ஒருநாளும் ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. பிரேக் பிடித்தது அவர்கள்தானே.

உண்மையில் நிறுத்தினது இரண்டு பேர். ஒன்று, எஞ்சினைப் பின்னுக்குத் திருப்புகிற நான். எஞ்சின் முன்னுக்குத் தள்ளுவது போலப் பின்னுக்கு இழுக்காது. பாதிதான். மற்றது மயில்வாகனம், கயிற்றுக்காரர். மயில் அண்ணன் என்போம்.

கயிற்று வேலையைச் சொல்ல வேண்டும். துறையின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் தடித்த கட்டைகள் நட்டு, மேலே ஒற்றைப் பலகை போட்டிருக்கும். பாதை கரைக்கு வருகிற வழியில் முதலில் வெளிக் கட்டையைத் தாண்டும். தாண்டுகிறபோது மயில் அண்ணன் பலகையில் குதிப்பார். கையில் கயிறு. மறுமுனை பாதையின் பின்பக்கம் கட்டியிருக்கும். கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றுவார். பாதை முன்னுக்குப் போகும், கயிறு அதைப் பின்னுக்கு இழுக்கும்.

இதில் பிடிப்பது பெரிய வேலை இல்லை. விடுவதுதான் வேலை. சுற்றின கயிற்றை அப்படியே இறுக்கினால் மூன்றில் ஒன்று நடக்கும். கயிறு அறும், கட்டை பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது கை போகும். அதனால் கொஞ்சம் விடவேண்டும், கொஞ்சம் பிடிக்கவேண்டும். கயிறு கட்டையில் உரசி ஓடவேண்டும். தேங்காய்த் தும்புக் கயிறென்றால் புகையும். ஒரேயடியாக நிறுத்தப் பெரிய பலம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தச் சின்னப் பலம் போதும், ஆனால் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கையால் அளந்து அளந்து கொடுப்பார் மயில் அண்ணன். கொடுத்து முடிகிற இடத்தில் பாதை கரையைத் தொடும். ஏறினவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பிரேக்கில் இருப்பார்கள்.

இவ்வளவு வேலை தெரிந்த ஆள் நாட்சம்பளம். நான் நிரந்தரமாகிப் பல வருடமாகியும் அவர் நாட்சம்பளம். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ நிரந்தரமானார்கள். சிலருக்கு நீந்தவும் தெரியாது. நான் சொல்கிற வருடம், மயில் அண்ணனைக் கட்டாயம் நிரந்தரமாக்குகிறேன் என்று எங்களை மேற்பார்க்கிற ஓவசியர் வாயாலேயே சொல்லியிருந்தார். அந்த வருடம் விட்டால் வயது கடந்துவிடும். பிறகு சாகும்வரை நாட்சம்பளம்.

ஓவசியர் கெட்ட மனிதர் இல்லை. ஏசமாட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. உட்கார முன் லேஞ்சிக் கைக்குட்டையை விரிப்பார். அவரிடம் ஒரு பழக்கம். நாம் சொன்னதை அப்படியே கேள்வியாகத் திருப்பிச் சொல்வார்.

"பாரம் கூட ஐயா."

"பாரம் கூட?"

"கெதியா நிக்காது ஐயா."

"நிக்காது?"

"வெள்ளெண, தூரத்திலயே எஞ்சினை நிப்பாட்ட வேணும் ஐயா."

"வெள்ளெண?"

மூன்றாம் கேள்விக்குப் பிறகு நமக்கே சந்தேகம் வந்துவிடும். பாரம் கூடத்தானா? பாதைதானா? நான் யார்? இப்படி ஒரு சத்தமும் போடாமல் எத்தனையோ பேரை வாயடைக்கப் பண்ணினார்.

பாரம் ஏற்றின நாளில் நான் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுவேன். பாதை மிதந்து மிதந்து போகும். சனத்துக்குப் பொறுக்காது. பஸ் போகுது, பாதைக்காரன் நித்திரை கொள்கிறான் என்று கந்தோருக்குச் சொன்னார்கள். ஓவசியர் ஒரு கம்போடு வந்தார். தலையில் சிவப்புப் பூசின கம்பு. வெறும் பாதையில் ஏறி, ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தினால் அழகாகக் கரையைத் தொடுகிறதோ அந்த இடத்தில் வாவிக்குள் நட்டார்.

"இனிக் கம்புக்கு இஞ்சால நிப்பாட்டக் கூடாது. கம்பு வந்தாப் பிறகுதான்."

"பாரத்துக்கும் இதே கம்பா ஐயா?"

"பாரத்துக்கும்?" என்றார்.

நான் எஞ்சினடிக்குப் போனேன். நுளம்புக்கும் மாட்டுக்கும் ஒரே ஊசி போடுகிற வைத்தியர் மாதிரி ஒரு கம்பு எங்களுக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பட்டணத்துப் புளியந்தீவில் இருந்து ஒரு பறங்கி வம்சத்து டீச்சர் படுவான்கரைப் பள்ளிக்குப் படிப்பிக்க வருவா. மர்லின் டீச்சர். விஞ்ஞானம். ஸ்கூட்டியைப் பின்னால் என் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நிற்பா. கம்பைப் பார்த்துச் சிரித்தா.

"அண்ணன், இதைத்தான் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறன். உங்கட எஞ்சின் தள்ளுறது விசை. பாதையும் பாரமும் சேர்ந்தது திணிவு. வேகம் எவ்வளவு கெதியா மாறுதோ அது ஆர்முடுகல். விசை அதேயா இருந்து திணிவு ரெண்டு மடங்கானா ஆர்முடுகல் பாதி."

"அது வெளிக்கிட டீச்சர். நிக்க?"

"நிக்கிறதும் வேகம் மாறுறதுதானே. அதுக்கு அமர்முடுகல் எண்டு பேர். கணக்கு ஒண்டுதான். பாரம் ரெண்டு மடங்கானா அதே இழுவைக்கு வேகம் பாதி கெதியிலதான் குறையும்."

"எங்கட ஓவசியருக்கு ஒருக்காச் சொல்லுங்களன்."

"அவர் ஏ.எல். வரைக்கும் கணிதம் படிச்சவராமே?"

"அப்ப சொல்லத்தான் வேணும். மறந்திருப்பார்."

டீச்சர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஓவசியர் இல்லாத நாளில் பாரம் வந்தால் கம்புக்கு இந்தப் பக்கமே நிறுத்தினேன். அவர் நிற்கிற நாளில் கம்பில் நிறுத்தினேன். அவர் நின்ற நாள்களில் பாரம் வரவில்லை. அப்படியே கொஞ்சக் காலம் ஓடியது.

பிறகு வெட்டுக் காலம் வந்தது. படுவான்கரை வயல் வட்டைகளில் நெல் விளைந்து நின்றது. ஏறாவூரில் இருந்து சலீம் காக்கா நெல் வெட்டுகிற மெசினைக் கொண்டுவந்தார். வாடகைக்கு விடுகிறவர். மெசின் வீட்டுக்குக் கால் முளைத்த மாதிரி. முன்னால் முழுக்கப் பல்லு. அதை ஏற்றினதும் மிதவை தாழ்ந்து தண்ணீர் பலகையைப் பார்க்க வந்தது. உருளாமல் இருக்கச் சக்கரங்களுக்கு அடியில் அண்டைக் கட்டை வைத்தோம். அன்றைக்கு ஓவசியரும் ஏறினார். புதிய கம்பு நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க.

கைப்பிடியை முழுக்கத் திருகினேன். பாதை யோசித்தது.

சலீம் காக்கா கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன மனே, பாதை ஓடுதா, கரை ஓடுதா? நடந்து போயிருந்தா இந்நேரம் வட்டைக்குள்ள நிண்டிருப்பன்."

"தண்ணிக்கு மேலால நடப்பீங்களா காக்கா?"

"நீ ஓட்டுற ஓட்டுக்கு அதையும் பழகத்தான் வேணும் போல இரிக்கி."

நடு வாவியில் வேகம் வந்தது. மயில் அண்ணன் முன்னால் நின்றவர்களை எல்லாம் பின்னால் போகச் சொன்னார். அவருக்கு அந்தப் பாரத்தின் போக்கு பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. கம்புக்கு வெகு முன்னமே கையை எஞ்சினில் வைத்தேன். ஓவசியர் குடையை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம்.

"ஐயா, இப்ப நிப்பாட்டோணும்."

"இப்ப?"

கம்பு வந்தது. குடை இறங்கியது. நிறுத்தினேன். பின்னுக்குத் திருப்பி முழுப் பலத்தையும் கொடுத்தேன். பாதைக்கு அது கேட்கவில்லை.

மயில் அண்ணன் குதித்தார். இரண்டு சுற்று. கயிறு விறைத்தது. கட்டை முனகியது. அவர் விட்டு விட்டுப் பிடித்தார். புகை வந்தது. வேகம் குறைந்தது, குறைந்தது, ஆனால் போதவில்லை. கயிறு முடிகிற இடம் வந்ததும் அவர் கையை எடுத்துவிட்டார். இரண்டு விரல் சுற்றுக்குள் அகப்பட்டு நசுங்கித்தான் வெளியே வந்தது. பாதை கரையில் முட்டி நின்றது. மெசின் நிற்கவில்லை. அது அண்டைக் கட்டையைத் தாண்டி, முன்கதவை உடைத்து, பல்லால் கரையைக் கடித்துக்கொண்டு நின்றது. மோட்டார் சைக்கிள்காரர் அத்தனை பேரும் பிரேக்கைப் பிடித்தபடி ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள்.

சாவு இல்லை. முன்னால் ஒருவரும் நிற்காததால் இல்லை.

முன்கதவை ஒட்டுப் போட்டதும் விசாரணை வைத்தார்கள். பெரிய கந்தோரில் இருந்து ஒரு அதிகாரி வந்தார், பெரிய சேர் என்போம். விசாரணை என்றால் பாதை ஓடாது. இரண்டு கரையிலும் சனம் வெயிலில் நின்றது. ஓவசியர் தன் பக்கத்தைச் சொன்னார். எஞ்சினைக் கம்பில் நிறுத்தியது, பின்னுக்குத் திருப்பியது, எல்லாம் சரி. கயிறு கையை விட்டுப் போயிருக்கிறது, அதுதான் காரணம் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அதுதான் கரைச்சல்.

கயிற்றுக்காரன் பிழை என்று முடிந்தால் மயில் அண்ணனின் நிரந்தரம் போய்விடும். அதனால் விசாரணை தொடங்க முன், காலையிலேயே தேத்தண்ணிக் கடையில் அவரைப் பிடித்திருந்தேன்.

"விட்டாயா எண்டு கேப்பாங்க. இல்லை எண்டு சொல்லுங்க. வழுக்கிட்டு எண்டு சொல்லுங்க."

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் குடித்தார்.

"வழுக்கேல்லயே."

"எனக்குத் தெரியும். சேருக்குத் தெரியாதே."

"பாப்பம்," என்றார். பிறகு கடைக்காரனிடம் சீனி கேட்டார்.

பெரிய சேர் சோதனை செய்ய வேண்டும் என்றார். என்னை ஏறச் சொன்னார். வெறும் பாதை. கம்பில் நிறுத்தினேன். கயிற்றை ஒரு காவலாளி ஒற்றைக் கையால் பிடித்தான். பாதை பூனை மாதிரி வந்து கரையைத் தொட்டது. ஓவசியர் சிரிக்கவில்லை. குடையை மட்டும் மடித்தார்.

அப்போதுதான் வரிசையில் ஸ்கூட்டியோடு நின்ற மர்லின் டீச்சர் முன்னால் வந்தா. அன்றைக்குப் பாதையில் இருந்த சாட்சி அவ.

"சேர், வெறும் பாதையில சோதிச்சா வெறும் பாதைக்குத்தான் விடை வரும். அந்தத் திணிவை ஏத்திப் பாருங்க."

பெரிய சேர் யோசித்தார். சலீம் காக்காவுக்குக் கோல் எடுத்து மெசினைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். காக்காவின் குரல் போனுக்கு வெளியே எங்களுக்கெல்லாம் கேட்டது.

"சேர், அந்த மெசினுக்கு முன்பல்லு போயிட்டு. இனி அத தண்ணிக்குக் காட்டினா மிச்சப் பல்லும் கொட்டிரும். ஒங்கட விசாரணைக்கு என்ட சலாத்த மட்டும் ஏத்திக்கொள்ளுங்க."

"மெசின் இல்லாட்டி என்ன? ஆக்களும் செங்கல் ட்ரக்டரும் வரிசையில நிக்குது. கணக்குப் பண்ணி ஏத்தலாம்," என்றா டீச்சர்.

"மெசினும் சனமும் ஒண்டா டீச்சர்?"

"திணிவுக்கு உயிர் தெரியாது சேர்."

"சனத்தை ஏத்திச் சோதிக்கிறது பாதுகாப்பில்லையே."

வரிசையில் இருந்து ஒரு மீன்கார அம்மா கத்தினா. "தினமும் எங்களை ஏத்தித்தானே சேர் ஓடுறீங்க? அப்ப கேக்காத பாதுகாப்பை இப்ப ஏன் கேக்கிறீங்க? என்ட மீன் நாறுது, ஏத்துங்க!"

ஏறினார்கள். டீச்சர் ஆட்களையும் மூட்டைகளையும் செங்கல் ட்ரக்டரையும் மனக்கணக்காகக் கூட்டினா. போதும் என்றா. அதற்குப் பிறகும் நாலு பேர் ஏறினார்கள். கணக்கு எங்கள் ஆட்களுக்குப் பொருந்தாது.

கயிற்றை யார் பிடிப்பது? மயில் அண்ணன் கையில் கட்டு. அந்த நேரம் தங்கராசா வந்தான். தென்சேரித் தலைவன். கொம்பு விளையாட்டு எங்கள் பக்கத்தில் அம்மன் கோயிலோடு சேர்ந்தது. வளைந்த இரண்டு மரக் கொம்பை ஒன்றோடொன்று கொளுவி, ஊரே இரண்டு அணியாகி, வடசேரி ஒரு பக்கம் தென்சேரி ஒரு பக்கம் கயிறு கட்டி இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும்வரை இழுப்பார்கள். கயிற்றை விட்டவன் பிறகு ஊரில் தலை காட்ட ஏலாது. அவன் பேரனையும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"தென்சேரி ஆக்கள் பத்துப் பேர் நிக்கிறம் சேர். பாதை என்ன, பாலத்தைக் கொண்டாங்க, நிப்பாட்டுறம்."

மயில் அண்ணன் சொன்னார். "தம்பி, கட்டையில ரெண்டு சுத்துப் போடு. போட்டு விட்டு விட்டுப் பிடி."

"கட்டையில சுத்தினா கட்டை நிப்பாட்டினதாத்தான் சொல்லுவாங்க அண்ணன். எங்களுக்குக் கட்டை தேவையில்ல."

"விடோணும் தம்பி."

"அந்தச் சொல்லை எங்களுக்கிட்ட சொல்லாதீங்க."

பத்துப் பேரும் வெளிக் கட்டைக்கு அங்கால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். சேற்றில் காலை ஊன்றினார்கள். பாதை தாண்டுகிறபோது எறிகிற கயிற்றைப் பிடிக்கத் தோளைச் சாய்த்து நின்றார்கள். வடசேரி ஆட்கள் சிலர் கரையில் நின்று பார்த்தது அவர்களுக்கு இன்னும் பலம்.

நான் ஓட்டினேன். பெரிய சேர் என் பக்கத்தில். பாதை யோசித்தது, அசைந்தது, வேகம் எடுத்தது. கம்பு வந்தது. ஓவசியர் குடையை இறக்கினார். நிறுத்தித் திருப்பினேன். காவலாளி கயிற்றின் நுனியை எறிந்தான், பத்துப் பேரும் தோளில் போட்டார்கள், பாதை அவர்களைத் தாண்டிப் போனது. கயிறு விறைத்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தங்கராசா நடக்கத் தொடங்கினான். அவன் நடக்கவில்லை, கால் நடந்தது. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். பத்துப் பேரும் வரிசையாக, தாரா வாத்து மாதிரி, இடுப்பளவு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, பாதைக்குப் பின்னால் வந்தார்கள். ஒருவரும் கயிற்றை விடவில்லை. ஒருவன் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டான், கை மட்டும் வெளியே தெரிந்தது, கையில் கயிறு. பாதை கரையில் நன்றாகவே முட்டியது. பிரேக்குகள் எல்லாம் பிடித்திருந்தன. பெரிய சேர் மீன்கூடையில் ஒரு கையை விட்டுத் தன்னை நிறுத்தினார்.

பத்துப் பேரும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளங்கைத் தோல் போயிருந்தது. வடசேரி ஆட்கள் சிரிக்கவில்லை. விடாததால் சிரிக்க வழி இல்லை.

"ஏன் விடேல்ல?" என்று கேட்டார் பெரிய சேர், கையை மணந்துகொண்டு.

"விட்டா என்ன மரியாதை சேர்?" என்றான் தங்கராசா. வாயில் இருந்து சேறு வந்தது.

சேர் கையைத் தண்ணீரில் கழுவினார். பிறகு மயில் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்டைக்கு நீங்க கயிற்றை விட்டீங்களா?"

நான் மயில் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"விட்டன் சேர்."

நான் எஞ்சின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வழுக்கினதா, விட்டதா?"

"விட்டது. கொஞ்சம் கொஞ்சமா விட்டன். அப்பிடித்தான் வேகம் குறையும். கயிறு முடியிற இடத்தில முழுக்க விட்டன். பிடிச்சிருந்தா கயிறு அறுந்து திரும்பி அடிச்சிருக்கும். டீச்சர் அந்தப் பக்கம்தான் நிண்டவ. கயிறு பிடிக்கிறதுக்கில்ல சேர். விடுறதுக்குத்தான்."

அவர் இவ்வளவு பேசி நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பெரிய சேர் ஓவசியரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

ஓவசியர் லேஞ்சியை எடுத்தார். விரிக்க இடம் இல்லை. கழுத்தைத் துடைத்தார்.

"விட்டார்," என்றார்.

நான் கேள்விக்காகக் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை.

"விட்டபடியால்தான் பாதை அவ்வளவோட நிண்டது. கம்பு நட்டது நான். பாரத்துக்கு அந்த இடம் பிழை."

அவர் அன்றே ஆள் விட்டுக் கம்பைப் பிடுங்கினார். அந்த ஒரு பேச்சுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. கம்பு நட்டதற்காக வந்த கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன்.

மயில் அண்ணன் நிரந்தரமானார். நிரந்தரமான ஆளுக்குத்தான் சம்பளத்தோடு வைத்திய லீவு என்று சட்டம். அதனால் நிரந்தரமாகின அன்றே, காயம் ஆறும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை நிலைத்தது, வேலை செய்யத்தான் விடவில்லை. இரண்டு விரல் பிறகு முழுக்க மடங்கவே இல்லை. கயிறு விடுவதற்கு அந்தக் கை போதும்.

அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஆள் தேடினார்கள். பலசாலியாக இருக்கவேண்டும் என்று மேலிடத்தில் விருப்பம். தங்கராசாவை எடுத்தார்கள்.

அவன் கட்டையில் சுற்றப் பழகினான். அது வரைக்கும் சரி. சுற்றினபிறகு விடமாட்டான். வந்த சில நாளிலேயே ஒரு கயிறு அறுந்தது. வெளிக் கட்டை சாய்ந்தது. பாதை கரையில் நிற்பதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் திரும்பி, சனம் தண்ணீரில் இறங்கி நடந்தது. மயில் அண்ணன் லீவில் இருந்த ஆள், ஒவ்வொரு நாளும் துறையடிக்கு வந்து, கட்டுப் போட்ட கையோடு கல்லில் இருந்து கத்துவார்.

"விடு தம்பி! விடு!"

"கத்தாதீங்க அண்ணன். பிடிச்சிருக்கன்."

"அதைத்தான் சொல்றன், விடு!"

"எங்கட சேரியில விட்ட ஆள் இல்ல."

"இஞ்ச சேரி இல்ல, பாதை!"

ஒரு பின்னேரம் மீண்டும் செங்கல் ஏற்றின ட்ரக்டர் வந்தது. வெகு முன்னமே எஞ்சினை நிறுத்தினேன். பாதை மிதந்து வந்தது. தங்கராசா குதித்தான், சுற்றினான், சாய்ந்தான். கயிறு விறைத்தது. கட்டை முனகியது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. மயில் அண்ணன் அன்றைக்குக் கத்தவில்லை. கல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராசாவின் கை கொஞ்சம் இளகியது. கயிறு ஒரு சாண் ஓடியது. பிடித்தான். திரும்ப இளகினான். ஒரு முழம் ஓடியது. புகை மணம் வந்தது. வேகம் குறைந்தது, குறைந்தது, செங்கல் ஒன்றும் அசையாமல் பாதை கரையில் சாய்ந்தது. ட்ரக்டர்காரர் பிரேக்கில் இருந்து காலை எடுத்துப் பெருமூச்சு விட்டார்.

தங்கராசா நிமிர்ந்தான். கயிற்றைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்க்கவில்லை. ஊர் ஆட்கள் யாரும் கண்டார்களா என்று கரை முழுக்கச் சுற்றிப் பார்த்தான்.

மயில் அண்ணன் அந்த நேரம் மறுபக்கம் திரும்பி, வாவியில் நின்ற கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.